வள்ளுவருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு: எழுதவும் பேசவும் பழகுகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு

‘நீர் மேலாண்மை’ என்று தலைப்புக் கொடுத்தால், கட்டுரைப் போட்டிக்கு வருகிற தாள்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும்: ‘நீரின்றி அமையாது உலகு என்ற வள்ளுவரின் வாக்கிற்கிணங்க...’ வள்ளுவர் எழுதியது ‘நீரின்று அமையாது உலகெனின்’. அது கிடக்கட்டும். பத்தாவது தாளிலும் அதே வரியைக் கண்டதும் நடுவரின் கண் தானாகவே கீழே இறங்கிவிடுகிறது. எழுதியவர் யார், எந்த ஊர், அவர் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எதுவும் அந்த வரியில் இல்லையே.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் போட்டி என்றால் நடுவராகவும் கூப்பிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளிடம் நான் காண்கிற குறை ஒன்றுதான். திண்ணையில் உட்கார்ந்தால் ஊர்க்கதை அத்தனையும் சுவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, பேனாவை எடுத்ததும் வேறு ஆளாகிவிடுகிறது. கைடில் இருந்த வாக்கியம் வருகிறது. போன ஆண்டு அக்கா பேசிப் பரிசு வாங்கிய பேச்சு வருகிறது. சொந்தச் சரக்கு மட்டும் வருவதில்லை. அதை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

ஊர்க் குளத்திலிருந்து ஒரு பத்தி

ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் எழுதிக் காட்டிய பத்தி இது:

“நீர் நமது வாழ்வின் ஆதாரமாகும். நீர் இல்லையேல் உயிர்கள் இல்லை. அன்று நம் முன்னோர்கள் நீர்நிலைகளைப் பேணிக் காத்தனர். ஆனால் இன்றோ நாம் அவற்றை அழித்து வருகிறோம். இந்நிலை மாற வேண்டும். ஒவ்வொரு மாணவர்களும் நீரைச் சேமிக்க முயற்சிக்க வேண்டும்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கிருஷ்ணகிரியில் இருக்கிற பையனும் இதை எழுதலாம், கன்னியாகுமரியில் இருக்கிறவனும் எழுதலாம். ‘உங்கள் ஊர்க் குளத்துக்கு எத்தனை மடை?’ என்று கேட்டேன். அவ்வளவுதான், பையன் பேச ஆரம்பித்துவிட்டான். மூன்று மடை, நடு மடையில் ஷட்டர் சிக்கிக்கொண்டது, தாத்தாவுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் அதனால் வந்த சண்டை என்று நிறுத்தாமல் சொன்னான். ‘இதை எழுது’ என்றேன். ‘இதையெல்லாம் கட்டுரையில் எழுதலாமா டீச்சர்?’ என்று கேட்டான். இந்தக் கேள்விதான் எல்லாப் பிள்ளைகளையும் பிடித்திருக்கிற நோய். இரண்டு முறை அடித்துத் திருத்திய பிறகு அவன் கொண்டுவந்தது:

“எங்கள் ஊர்க் குளத்துக்கு மூன்று மடைகள். நடு மடையின் ஷட்டர் துருப்பிடித்துப் பாதி திறந்தபடி நிற்கிறது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைகிறது. மூட முடியாத மடை வழியே இரவும் பகலும் தண்ணீர் வடிகிறது. தை மாதம் பிசான நெல் கதிர்விடும் நேரத்தில் குளத்தில் கெண்டைக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கிறது. எங்கள் ஊருக்கு மழை குறைவில்லை. ஒரு ஷட்டர்தான் பழுது.”

முதல் பத்தியில் இருந்த ‘முன்னோர்கள்’, ‘ஆதாரம்’, ‘இந்நிலை’ ஒன்றும் இதில் இல்லை. ஆனால் நீர் மேலாண்மை என்றால் என்ன என்பது இதைப் படித்தால்தான் தெரிகிறது. செய்தது இவ்வளவே: தலைப்பைக் கேட்டதும், ‘இதை நான் எங்கே கண்ணால் பார்த்தேன்?’ என்று கேட்டுக்கொள்வது. பிறகு, எத்தனை, எப்போது, யார் சொன்னார், அதனால் என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை வாக்கியமாக எழுதுவது. பொதுக் கருத்தைக் கடைசியில் ஒரு வரியில் சொன்னால் போதும். சில நேரம் அதுவும் வேண்டாம், படிப்பவருக்கே புரிந்துவிடும்.

இதற்குப் பயிற்சி வேண்டும் என்றால், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அன்றைக்குக் கண்ட ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுது. டீக்கடையில் பால் பொங்கி வழிந்ததாக இருக்கலாம், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த தகராறாக இருக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. ‘அழகான’, ‘அருமையான’, ‘மிகவும்’, ‘இயற்கை அன்னை’ என்ற நான்கும் அந்த நோட்டுக்குள் வரக்கூடாது. முதல் வாரம் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். ‘அழகான மாலை நேரம்’ என்று எழுத முடியாதபோதுதான், வெயில் எந்தச் சுவரில் விழுந்தது என்று திரும்பிப் பார்ப்பாய்.

பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று படத்தோடு ஒரு கேள்வி வரும். பிள்ளைகள் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, ‘மரமே மரமே, வரமே வரமே’ என்று எதுகை தேடப் போய்விடுவார்கள். முதலில் படத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார். எத்தனை பேர், யார் கையில் என்ன, யார் யாரைப் பார்க்கிறார்கள், தரையில் என்ன கிடக்கிறது. இவற்றில் மற்றவர்கள் கண்ணில் படாமல் போகக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பி. எதுகை தானாக வந்தால் வரட்டும்.

கடிதம் எழுதும் கேள்வியையும் வீணாக்காதே. தேர்வுக்காக நாளிதழ் ஆசிரியருக்கு எழுதுகிற கடிதத்தை நிஜமாகவே ஒரு மனுவாக எழுதிப் பார்க்கலாம். அந்தக் குளத்துப் பையனை அப்படித்தான் எழுத வைத்தேன். குளம் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறதா, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலா என்று கேட்டறிவதற்கே அவன் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. மனுவில் ‘பொருள்’ என்ற இடத்தில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். ஷட்டரும் வேண்டும், சாலையும் வேண்டும், தெருவிளக்கும் வேண்டும் என்று எழுதினால் வாங்குகிற அதிகாரிக்கு எந்த மேசைக்கு அனுப்புவது என்றே தெரியாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வரிசையில் பெரியவர்கள் கையில் வைத்திருக்கும் மனுக்களை எழுதிக் கொடுப்பவர்களை ஒருநாள் கவனித்துப் பார். யார், எந்த ஊர், என்ன வேண்டும் என்று மூன்று கேள்வியில் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

எழுதியதை வெட்டுவது

நன்னூலில் பத்துக் குற்றம் என்று ஒரு நூற்பா இருக்கிறது. பவணந்தி முனிவர் நூல் செய்கிறவர்களுக்காகச் சொன்னது. நம் ஊர்ப் பரீட்சைத் தாளுக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும் அந்தப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள். கட்டுரை முடிந்ததும் பட்டியலை எடுத்து, உன் தாளில் எந்தக் குற்றம் எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் குறி.

பள்ளிக் கட்டுரைகளில் முதலிடம் கூறியது கூறலுக்குத்தான். ‘நீர் இன்றியமையாதது. நீர் மிகவும் முக்கியமானது. நீரின் தேவை அளவிட முடியாதது.’ மூன்று வாக்கியம், ஒரே செய்தி. இரண்டை அடித்துவிடு. பக்கம் குறைந்துவிடுமே என்று பயப்படாதே. இடத்தை மடையைப் பற்றிச் சொல்லி நிரப்பு.

அடுத்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. முன்னுரைக்கு ஒரு பக்கம், முதல் உட்தலைப்புக்கு முக்கால் பக்கம், அடுத்ததற்கு அரைப் பக்கம், கடைசித் தலைப்புக்கு மூன்று வரி, முடிவுரையில் ‘ஆகவே நாம் அனைவரும்’. விடைத்தாள் திருத்துகிற எல்லா ஆசிரியருக்கும் இந்த வடிவம் மனப்பாடம். இதற்கு வழி எளிது. எழுத உட்காரும் முன் தாளின் ஓரத்தில் நான்கு சொல்லில் கட்டுரையின் போக்கைக் குறித்துக்கொள். அதில் எது உனக்கு நன்றாகத் தெரியுமோ அதைக் கடைசிக்கு முந்திய இடத்தில் வை. முன்னுரை மூன்று வரியைத் தாண்டக் கூடாது என்று உனக்கு நீயே சட்டம் போட்டுக்கொள். நல்லதையெல்லாம் முதல் பக்கத்திலேயே கொட்டிவிட்டுப் பிறகு வெறுங்கையோடு நிற்கும் நிலை வராது.

பிழைகளைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். ஒற்றுப்பிழையில் பாதி இரண்டு இடத்தில்தான் வருகிறது. ‘அந்த, இந்த, எந்த’ என்பவற்றுக்குப் பிறகு வல்லினம் வந்தால் மிகும்: அந்தப் பையன், இந்தத் தெரு. ‘ஐ’, ‘கு’ என்ற உருபுகளுக்குப் பிறகும் மிகும்: கதவைத் திற, பள்ளிக்குப் போ. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் தாளில் சிவப்பு மை பாதியாகக் குறையும். பிறகு, ‘சுவற்றில்’ என்று எழுதாதே, சுவரில். ‘முயற்சிக்க வேண்டும்’ வேண்டாம், முயல வேண்டும். ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பது தவறு, ஒவ்வொரு மாணவரும். ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்ற சண்டையைப் பெரியவர்களுக்கு விட்டுவிடு. அதில் நேரத்தைச் செலவழித்தவர்கள் யாரும் வாழ்த்து அனுப்பி நான் பார்த்ததில்லை. உன் நோட்டின் கடைசிப் பக்கத்தை உன் பிழைகளுக்கு ஒதுக்கு. ஊரார் பிழை வேண்டாம், நீ செய்கிற பிழை மட்டும்.

வாய்விட்டுப் படி

பேச்சு என்றதும் நேராக மேடைக்கு ஓடாதே. முதலில் வாய் பழக வேண்டும். செய்தித்தாளின் நடுப்பக்கக் கட்டுரையை ஒரு நாளைக்கு ஒரு பத்தி உரக்கப் படி. வீட்டில் யாராவது சிரித்தால் மொட்டை மாடிக்குப் போ. ஒரு வாக்கியத்தில் மூச்சு எங்கே முடிகிறது, எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று காது தானே கண்டுகொள்ளும். வானொலியில் செய்தி வாசிப்பவரை அந்தக் காதோடு கேட்டுப் பார். எங்கேயும் அவர் கத்துவதில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ழகரம் தனிப் பாடம். ‘பழம்’ என்று எழுதி ‘பளம்’ என்று படிப்பார்கள். மழை ‘மளை’யாகப் பெய்யும். நாக்கின் நுனியை உள்ளே வளைத்து, அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திச் சொல்ல வேண்டும். அண்ணத்தில் நன்றாக ஒட்டிவிட்டால் அது ள. ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்’ என்ற பழைய வரியை முதலில் மிக மெதுவாகச் சொல். வேகமாகச் சொல்வது விளையாட்டுக்கு. மெதுவாகச் சொல்வதுதான் பயிற்சி. அதற்காக ஊர்ப் பேச்சை நினைத்து வெட்கப்படாதே. மேடையில் நடை பொதுத் தமிழாக இருக்கட்டும். பாட்டி சொன்னதைச் சொல்லும் இடத்தில் பாட்டியின் பேச்சு அப்படியே வரட்டும். கூட்டம் நிமிர்ந்து உட்காருவது அந்த இடத்தில்தான்.

வீட்டில் இருக்கிற போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேள். உன் குரல் உனக்கே பிடிக்காது, யாருக்கும் பிடிப்பதில்லை. அதை விட்டுவிட்டு ‘வந்து’, ‘அதாவது’, ‘அப்புறம்’ எத்தனை வருகின்றன என்று விரல் மடக்கி எண்ணு. அடுத்த பதிவில் அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு சும்மா இரு. பேசுகிறவருக்கு அந்த இடைவெளி ஒரு யுகம்போலத் தெரியும். கேட்பவருக்கு அது தெரிவதேயில்லை.

பள்ளியில் யாரும் போட்டி போடாத மேடை ஒன்று உண்டு: காலை வழிபாட்டுக் கூட்டம். குறள் விளக்கம், செய்தி வாசிப்பு, பழமொழி என்று ஒவ்வொரு நாளும் யாராவது பேசியாக வேண்டும். எல்லாரும் தப்பித்து ஓடுகிற அந்த வேலையைக் கேட்டு வாங்கு. செய்தியை அப்படியே வாசிக்காமல், படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, ஒரு செய்தியையாவது உன் வார்த்தையில் சொல். வெயிலில் நிற்கிற கூட்டம் என்பதால் சுருக்கமாகச் சொல்லவும் அங்கேயே பழகிவிடுவாய்.

நாலைந்து பேர் சேர்ந்து பேசுவதும் பெரிய பயிற்சி. தமிழ்ப் பாட்டின் சுவையைச் சொல்வதில் பேர்போனவர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டில் அந்தக் காலத்தில் வட்டத்தொட்டி என்று நண்பர்கள் கூடுவார்கள். ஒரு பாட்டை எடுத்துப் பாடி, நிறுத்தி, திரும்பச் சொல்லி, அதன் சுவையைப் பற்றியே நெடுநேரம் பேசுவார்கள். உனக்கு அத்தனை பெரிய சபை வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு பேர், ஒரு பாட்டு அல்லது ஒரு செய்தி, ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரே நிபந்தனை, முன்னால் பேசியவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவர் தன் கருத்தைத் தொடங்க வேண்டும். இதைச் செய்தால் தெரியும், நாம் எவ்வளவு குறைவாகக் காதுகொடுக்கிறோம் என்று.

மேடையில்

பேச்சை முழுவதும் மனப்பாடம் செய்யாதே. நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நழுவிவிடும். கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி இரண்டு வாக்கியத்தையும் மட்டும் நன்றாகப் பாடமாக்கிக்கொள். நடுவில் பேச வேண்டியதை ஒரு சீட்டில் ஐந்து சொல்லாக எழுது. குளத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்றால்: மடை, ஷட்டர், தை மாதம், தாத்தா, மனு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிமிடம் பேச உன்னிடம் விஷயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பார். இல்லாத சொல்லை எடுத்துவிடு. மறந்துபோனால் சீட்டைப் பார்ப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. பார்த்துவிட்டு நிமிர்ந்து பேசு.

வணக்கம் சொல்வதில் பிள்ளைகள் ஒரு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். தமிழன்னைக்கு ஒன்று, தலைமைக்கு ஒன்று, நடுவர், நேரக் காப்பாளர், ஆசிரியப் பெருமக்கள், சக போட்டியாளர் என்று அடுக்கி முடிப்பதற்குள் கேட்கிற ஆசை போய்விடுகிறது. ‘அவையோருக்கு வணக்கம்’ என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வா. ‘எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு ஷட்டர் இருக்கிறது. அதை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது’ என்று தொடங்கிப் பார். நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்ப்பார்.

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இன்னொரு கெட்ட வழக்கம், எடுத்த எடுப்பிலேயே உச்சக் குரல். முதல் வரியிலேயே கத்தினால், உண்மையிலேயே குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்த எதுவும் மிஞ்சாது. ‘வானம்’ என்றால் கையை மேலே தூக்குவது, ‘நெஞ்சம்’ என்றால் மார்பைத் தொடுவது என்று சொல்லிக்கொடுத்த சைகைகளையும் விட்டுவிடு. கை சும்மா இருக்கட்டும். பேச்சு சூடு பிடித்தால் அது தானே அசையும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். ஊதாதே, தட்டாதே. கையில் எடுத்துப் பேசுகிற மைக் என்றால் அதன் தலையைப் பொத்திப் பிடிக்காதே, கீச்சென்று கத்தும். உனக்கு முன்னால் பேசியவர் உயரமானவராக இருந்தால், மைக்கை இறக்கிக்கொண்டு பிறகு பேசு. எக்கி நின்றுகொண்டு ஐந்து நிமிடம் பேசிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எழுந்து போகும்போது மெதுவாக நட. நின்றதும் உடனே ஆரம்பிக்காமல் ஒரு முறை மூச்சு இழுத்து விடு. கால் நடுங்கினால் நடுங்கட்டும். மேசைக்குப் பின்னால் யாருக்குத் தெரியப் போகிறது? எச்சரிக்கை மணி அடித்ததும், எந்த இடத்தில் இருந்தாலும், பாடமாக்கிய கடைசி இரண்டு வாக்கியத்துக்குத் தாவிவிடு. அவற்றைப் பாடமாக்கச் சொன்னது அதற்காகத்தான்.

சில போட்டிகளில் தலைப்பை அங்கேயே தருவார்கள். பதறாதே. கட்டுரைக்குச் சொன்ன அதே கேள்விதான்: இதை நான் எங்கே பார்த்தேன்? அதனால் யாருக்கு என்ன ஆயிற்று? யார் என்ன செய்தால் சரியாகும்? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மூன்று நிமிடப் பேச்சு தயார்.

ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் இதே வழிதான். ஒரே ஒரு கூடுதல் எச்சரிக்கை: தமிழில் நீண்ட வாக்கியம் யோசித்து அதை ஆங்கிலமாக்கப் பார்க்காதே. நான்கைந்து சொல்லில் முடிகிற சிறு வாக்கியங்களாகவே நினை. அந்த ஐந்து வரி நோட்டில் வாரம் ஒரு நாள் ஆங்கிலத்துக்கு ஒதுக்கு.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தவை 7,000, 5,000. அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழாவும் நடக்கிறது. அறிவிப்பு தலைமையாசிரியர் மேசையோடு நின்றுவிடுவதும் உண்டு. நீயே போய்க் கேள். போட்டி முடிந்ததும் பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நடுவரிடம் போ. ‘நன்றாகப் பேசினாய்’ என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார். விடாதே. எந்த இடத்தில் அவருக்குக் கவனம் கலைந்தது என்று கேட்டு, வீட்டுக்கு வந்து அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடு.